இணையத்தின் ‘வேகம்’ என்றால் என்ன? வலென்ஷியா தீவிலிருந்து ஓர் எளிய விளக்கம்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தின் கரையை ஒட்டிக் கிடக்கிறது வலென்ஷியா தீவு. அங்கே பார்க்க வேண்டியவை என்று மூன்று இடங்களைச் சொல்வார்கள். ஒன்று, சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நான்குகால் உயிரினம் சேற்றில் நடந்துபோய், அந்தச் சேறே பாறையாக இறுகிவிட்ட காலடித் தடம். இரண்டாவது, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கல் அனுப்பிய ஸ்லேட் சுரங்கம். மூன்றாவது, ஒரு வெற்று நிலம். முதுகில் நீலச் சாயம் பூசிய செம்மறி ஆடுகள் அதில் மேய்கின்றன. ஓரமாக ஒரு நினைவுக்கல் நிற்கிறது. காலடித் தடத்துக்கு வருகிறவர்களில் பலர் இந்த நிலத்தைக் காரிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் விடுமுறையில் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

ஃபொயில்ஹாமரம் என்னும் இந்த இடத்திலிருந்து 1866 ஜூலையில் ஒரு தந்தி கேபிள் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கியது. நேர்க்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. தள்ளி, இன்று கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்ற சிற்றூரில் அது கரையேறியது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் அறுந்துபோகாமல் பேசிக்கொள்ளத் தொடங்கியது அன்றைக்குத்தான். நிலத்தின் மேற்கே பிரே முனைக்கு ஏறினால் நெப்போலியன் காலத்துக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று இடிந்து நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, மேலே பறக்கும் விமானிகளுக்கு ‘இது நடுநிலை நாடு’ என்று தெரிவிக்க வெள்ளைக் கற்களால் பதித்த நாட்டின் பெயரும் அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் செய்தி என்றிருந்த காலமும், கண்ணுக்கே தெரியாமல் கடலடியில் செய்தி போன காலமும் ஒரே மேட்டில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

இணையத் தொடர்பு விற்கிறவர்கள் ‘வேகம்’ என்று ஓர் எண்ணைக் காட்டுகிறார்களே, அது என்ன என்பதை விளக்க இந்தத் தீவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த எண் உண்மையில் வேகத்தை அளப்பதே இல்லை. ஒரு கம்பி ஏன் மந்தமாக இருக்கிறது என்ற கேள்வியைப் பெரும்பணத்தைப் பந்தயம் வைத்துக் கேட்டுப் பதிலையும் கண்டுபிடித்தவர்கள் இங்கே வந்துபோனவர்கள்.

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்வோம். ஒரு செய்தியின் முதல் எழுத்து இங்கே கிளம்பி அக்கரை சேர எவ்வளவு நேரம் ஆகிறது? இது தாமதம். முதல் எழுத்துக்குப் பின்னால் அடுத்த எழுத்து, அதற்கடுத்தது என்று எவ்வளவு நெருக்கமாக அனுப்பலாம்? இது கொள்ளளவு, பேண்ட்வித் என்று புழக்கத்தில் இருப்பது இதுதான். இரண்டும் வேறுவேறு. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று மோசமாக இருக்கலாம். கேபிளுக்கு முன் அட்லாண்டிக்கைக் கடந்த தபால் கப்பல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நீராவிக் கப்பலுக்குப் பத்து நாள் பிடித்தது. ஆனால் வந்து சேர்ந்தால் மூட்டை மூட்டையாகக் கடிதங்களை இறக்கியது. தாமதம் படுமோசம், கொள்ளளவு ஏராளம். முதல் கேபிள் இதற்கு நேர் எதிர்.

அந்த முதல் கேபிள் 1866-இன் கேபிள் அல்ல. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1858 ஆகஸ்ட் 5 அன்று, தீவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள நைட்ஸ்டவுனில் ஒரு கேபிள் கரையேறியிருந்தது. அமெரிக்கக் காகித வியாபாரி சைரஸ் ஃபீல்டின் பிடிவாதத்தால் நடந்த வேலை அது. முந்தைய ஆண்டும் முயன்று, கேபிள் நடுக்கடலில் அறுந்துபோயிருந்தது. 1858 ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் புக்கனனுக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். திரும்பக் கேட்டதும் திருத்தியதும் சேர்த்து, அந்த வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. ஒரு சொல்லுக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம். இத்தனைக்கும் ஒரு மின்துடிப்பு இந்தக் கரையில் புறப்பட்டு அந்தக் கரையில் தலைகாட்ட ஆனது நொடிக்கணக்குதான். கப்பலின் பத்து நாளோடு ஒப்பிட்டால் தாமதம் என்று சொல்லவே ஒன்றுமில்லை. அப்படியானால் 16 மணி நேரத்தை விழுங்கியது எது?

விடை கேபிளின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் செப்புக் கம்பி. அதைச் சுற்றி, மலாயாப் பகுதிக் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை. அதற்கு வெளியே இரும்புக் கம்பிக் கவசம், கடல்நீர். மின்சாரம் கடத்தும் இரண்டு பொருள்கள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு படலம்: இதற்கு மின்தேக்கி என்று பெயர். வீட்டு மின்விசிறியில் கண்டென்சர் என்று எலெக்ட்ரீஷியன் மாற்றிக்கொடுக்கிறாரே, அதுவே. மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதுதான் அதன் வேலை. அட்லாண்டிக்கின் குறுக்கே கேபிள் போட்டவர்கள், தங்களை அறியாமல் உலகத்திலேயே மிக நீளமான மின்தேக்கியைச் செய்து கடலடியில் கிடத்திவிட்டார்கள்.

அதனால் என்ன ஆகிறது? வலென்ஷியாவில் தந்திக்காரர் சாவியை ஒரு கணம் அழுத்தி விடுகிறார். கூர்மையான ஒரு துடிப்பு உள்ளே போகிறது. போகிற வழியெல்லாம் கேபிள் அதில் கொஞ்சத்தைத் தேக்கிக்கொள்கிறது. தேங்கியதைப் பிறகு மெல்ல விடுகிறது. அக்கரையில் வெளிவருவது மெதுவாக ஏறி, உச்சி தொட்டு, அதைவிட மெதுவாக இறங்கும் ஒரு வீக்கம். அது இறங்கி முடியும் முன் அடுத்த துடிப்பை அனுப்பினால் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். தந்தியில் எழுத்துகளைக் குறிக்கும் புள்ளி எது, கோடு எது என்று படிப்பவருக்குப் புரியாது. ஆகவே காத்திருந்து அனுப்ப வேண்டும். கொள்ளளவு குறைந்தது இந்தக் காத்திருப்பால்தான். தரையில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் தந்திக் கம்பிகளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, ஏனென்றால் அவற்றைச் சுற்றி இருப்பது காற்று, பூமியோ எட்ட இருக்கிறது.

இதைக் கணக்காக எழுதியவர் வில்லியம் தாம்சன். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், கிளாஸ்கோவில் பேராசிரியர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான், வெப்பநிலை அளவில் வரும் அதே கெல்வின். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் எப்படி ஊர்ந்து மறுமுனைக்குப் போகும் என்பதற்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே எழுதியிருந்த சமன்பாடே கேபிளுக்கும் பொருந்துகிறது என்று 1850-களின் நடுவில் அவர் காட்டினார். அதிலிருந்து வந்த முடிவு முதலீட்டாளர்களின் வயிற்றைக் கலக்கக்கூடியது: கேபிளின் மந்தம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காரணம் எளிது. நீளம் இரட்டித்தால் செம்பின் மின்தடையும் இரட்டிக்கிறது, மின்னூட்டத்தைத் தேக்கும் திறனும் இரட்டிக்கிறது. இரண்டும் பெருக்கிக்கொண்டு மந்தம் நான்கு மடங்காகிறது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே போட்ட கேபிள் சுமார் 40 கி.மீ. அதே வகைக் கேபிளை 80 மடங்கு நீளத்தில் அட்லாண்டிக்கில் போட்டால் மந்தம் 80 மடங்கு கூடாது, 6,400 மடங்கு கூடும். அந்த ஆங்கிலக் கால்வாயில் வெற்றி கண்டவர்கள் கடலிலும் அப்படியே ஆகும் என்று நம்பியது ஏன் தவறு என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அட்லாண்டிக் தந்தி நிறுவனத்தின் மின் பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. படிப்பால் அவர் அறுவை மருத்துவர். ஆனால் சோதனைகளில் சளைக்காதவர். மறுமுனையில் துடிப்பு பலவீனமாக வருகிறதா, இந்தப் பக்கம் இன்னும் பலமாகத் தள்ளு என்பது அவர் கட்சி. ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் வேகமாகப் பேசினால் எதிரொலியில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அப்போது உரக்கக் கத்தினால் எதிரொலியும் சேர்ந்தே உரக்கும், குழப்பம் தீராது, நிறுத்தி நிறுத்திப் பேசுவது ஒன்றே வழி. வைட்ஹவுஸ் கத்தினார். மின்னழுத்தத்தைக் கூட்டும் பெரிய தூண்டுசுருள்களை வைத்துச் சுமார் 2,000 வோல்ட்டைக் கேபிளுக்குள் ஏற்றினார். மரப்பால் உறை அதைத் தாங்கவில்லை. செப்டம்பர் தொடங்கியபோது கேபிள் வாயடைத்துவிட்டது.

அவர் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. பின்னர் நடந்த விசாரணை தயாரிப்பிலேயே குறைகள் இருந்ததை வெளிக்கொண்டுவந்தது. செம்பின் தூய்மை இடத்துக்கு இடம் மாறியிருந்தது, வெயிலில் கிடந்த உறை இளகியிருந்தது. எப்படியும் நெடுநாள் தாங்கியிருக்காத கேபிள்தான். ஆனாலும் கணக்குத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும் கேளாமல் போனது எனக்கு உறுத்துகிறது.

உயிரோடிருந்த சில வாரங்களில் அது ஒரு காரியம் செய்தது. 1857-இல் இந்தியாவில் வெடித்த கிளர்ச்சியை அடக்க, கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைக் கிளப்பிவர லண்டன் ஆணையிட்டிருந்தது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. ‘வர வேண்டாம்’ என்ற மறு ஆணை 1858 ஆகஸ்ட் இறுதியில் இந்தக் கேபிள் வழியே போய், படைகள் கப்பலேறுவதை நிறுத்தியது. சுமார் 50,000 பவுண்டு மிச்சம் என்று அரசு கணக்கிட்டது. சொல்லுக்குச் சில நிமிடம் பிடிக்கும் மந்தமான கம்பியும் கப்பலை முந்தினால் போதும் என்ற வேலைகள் உண்டு. கொள்ளளவு சிறிதாக இருந்தும் தாமதம் குறைவாக இருப்பதன் மதிப்பு அதுதான்.

அடுத்த வெற்றிக்கு எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர். 1865-இல் மீண்டும் ஒரு முயற்சி, மீண்டும் அறுந்தது. 1866-இல் தாம்சன் சொன்னபடியே கேபிளைத் தடிமனாக்கிக் கொண்டுவந்தார்கள். 1858-இல் ஒரு கடல் மைல் நீளத்துக்கு 107 ராத்தல் செம்பு. இப்போது 300 ராத்தல். மின்தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. மரப்பால் உறையையும் அதற்கேற்பக் கூட்டினார்கள். அவ்வளவு கனத்தையும் ஒரே மூச்சில் சுமக்க அன்று உலகில் இருந்தது ஒரே கப்பல்தான், கிரேட் ஈஸ்டர்ன். ஜூலை 27 அன்று அது ஹார்ட்ஸ் கன்டென்ட் சேர்ந்தது. முந்தைய ஆண்டு அறுந்து கடலடியில் கிடந்த கேபிளையும் திரும்பி வந்து தூண்டில் போட்டுத் தூக்கி, ஒட்டி, முடித்துவிட்டார்கள். நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் போயின. மகாராணியின் அந்த 98 சொற்கள் இப்போது என்றால் பன்னிரண்டு நிமிட வேலை.

அந்தச் செப்டம்பரில் வலென்ஷியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு கேபிள்களையும் அமெரிக்கக் கரையில் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லிவிட்டு, பொறியாளர் லாட்டிமர் கிளார்க் இந்தக் கரையில் ஒரு மின்கலம் செய்தார். ஊர்ப் பிரபுவின் மகளிடம் இரவல் வாங்கிய வெள்ளி விரலுறை, தைக்கும்போது விரலில் மாட்டுவார்களே அது; அதில் சில சொட்டு அமிலம், ஒரு துண்டு துத்தநாகம். அவ்வளவுதான். அந்த விரலுறை மின்சாரம் அட்லாண்டிக்கைக் கடந்து போய், மறுபடி கடந்து வந்து, இதே தீவில் கருவியின் முள்ளை அசைத்தது. ஒரு பக்கம் 2,000 வோல்ட்டில் செத்த கேபிள். இன்னொரு பக்கம் விரலுறையில் பிழைத்த கேபிள்.

‘முள்’ என்றது ஒரு பேச்சுக்கு. உண்மையில் அது ஒளிப்புள்ளி. தாம்சன் செய்த கண்ணாடி கால்வனோமீட்டரில், நகக்கண் அளவுக் கண்ணாடி ஒன்று சின்னஞ்சிறு காந்தத்தோடு மெல்லிய இழையில் தொங்கும். மின்னோட்டம் துளி வந்தாலும் அது திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளி எதிரே உள்ள அளவுகோலில் இடமோ வலமோ நகரும். இருட்டறையில் ஒருவர் கண் இமைக்காமல் அதைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். அனுப்புபவர் கத்துவதைவிடக் கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வதே மேல் என்ற இந்தக் கொள்கையைத் தகவல் தொடர்புத் துறை இன்றுவரை விடவில்லை. தாம்சன் இன்னொரு உத்தியையும் சொன்னார்: ஒரு துடிப்பு அனுப்பியதும் உடனே எதிர்த்திசையில் ஒரு சிறு துடிப்பை அனுப்பினால், முதல் துடிப்பின் நீண்ட வால் வெட்டுப்பட்டுவிடும். அடுத்ததைச் சீக்கிரம் அனுப்பலாம்.

நைட்ஸ்டவுனில் அந்தக் கேபிள் நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1966 வரை ஏறக்குறைய நூறு ஆண்டு அங்கே வேலை நடந்திருக்கிறது. ரீனார்ட் முனையிலிருந்து சிறு படகில் காரோடு ஏறினால் ஐந்தாறு நிமிடத்தில் அங்கே இறங்கிவிடலாம். சிவப்பு மணிக்கூண்டு, நான்கைந்து படகுகள், எந்த நேரமும் பெய்யலாம் என்ற வானம். மீன்பிடியும் மேய்ச்சலுமாக இருந்த தீவில் தந்திக்காரர்களுக்கென வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள்; அந்தக் காலத்தில் அவர்கள் நல்ல சம்பளக்காரர்கள். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆவதற்கான அயர்லாந்தின் உத்தேசப் பட்டியலில் 2022-இல் இந்த இடமும் ஏறியிருக்கிறது. பட்டியல் கிடக்கட்டும், நமக்கு வேண்டியது இன்றைய கேபிள்.

இன்று கடலடியில் கிடப்பவை கண்ணாடி இழைகள். செம்பும் மின்துடிப்பும் போய் ஒளித்துடிப்பு வந்தது. குழைவு மட்டும் போகவில்லை! ஒரு ஒளித்துடிப்பில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட அலைநீளங்கள் கலந்திருக்கின்றன. கண்ணாடிக்குள் அவை கொஞ்சம் முன்பின்னாகப் போகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியதும் துடிப்பு பரந்து அடுத்ததன் மேல் படிகிறது. இன்று அதைச் சரிசெய்வது பெறும் முனையில் இருக்கும் மின்னணுச் சில்லு (சிப்): இத்தனை தூரக் கண்ணாடி இந்தத் துடிப்பை எப்படிக் கெடுத்திருக்கும் என்று கணக்கிட்டு, கெடுத்ததை எண்களாலேயே திருப்பிவிடுகிறது. தாம்சனின் வால்வெட்டு உத்தியின் கொள்ளுப்பேரன் என்று அதைச் சொல்லலாம். ஒளி மங்காமலிருக்க 60 முதல் 100 கி.மீ.க்கு ஒரு பெருக்கி கேபிளிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு மின்சாரம் தர, இன்றைய கேபிளுக்குள்ளும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. வைட்ஹவுஸ் கேட்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்த மின்சாரம் செய்தியைச் சுமப்பதில்லை.

கொள்ளளவு எங்கே போயிற்று பாருங்கள். நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் என்பதை இன்றைய அளவில் எழுதினால் நொடிக்கு நான்கைந்து பிட் தேறலாம். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தகவல் அலகு. இன்று ஒரே ஒரு இழைச் சோடி நொடிக்குப் பத்து லட்சம் கோடி பிட்டுக்கு மேல் கொண்டுபோகிறது. தாமதமோ அப்படிக் குறையவில்லை, குறையவும் முடியாது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும், வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. வலென்ஷியாவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு நேராகப் போனாலும் நொடியில் ஆயிரத்தில் 15 பங்கு ஆகும், அதாவது 15 மில்லிநொடி. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் இதற்குக் கீழே கண்ணாடியில் போக முடியாது. 2015-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து அயர்லாந்தின் கார்க் பகுதியையும் இங்கிலாந்தையும் இணைத்துப் போட்ட ஹைபர்னியா எக்ஸ்பிரஸ் கேபிள் இதற்கு நல்ல சாட்சி. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போய்த் திரும்பும் நேரத்தை 60 மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவந்தோம் என்பதே அதன் விற்பனைச் சொல். பங்குச் சந்தை வியாபாரிகளுக்காகச் சில மில்லிநொடிகளை மிச்சம்பிடிக்க, பாதையைக் கூடியவரை நேராக்கினார்கள். தாமதத்தைக் குறைக்க நீளத்தைக் குறைப்பதைத் தவிர வழி அதிகம் இல்லை.

மேற்குக் கரையிலும் புதிய கேபிள்கள் இருக்கின்றன: மேயோ மாவட்டத்தின் கில்லாலாவிலிருந்து நியூயார்க் பக்கம் ஒன்று, கால்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்கு ஒன்று. போய்ப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். மணலுக்கடியில் ஒரு மூடி, தள்ளி ஒரு சாதாரணக் கட்டடம். டப்ளினைச் சுற்றியுள்ள தரவு மையங்களின் போக்குவரத்தும் இப்படிப்பட்ட கேபிள்களில்தான் ஓடுகிறது. 2023-இல் அயர்லாந்தில் மீட்டர் வழியே அளந்த மின்சாரத்தில் 21 சதவீதத்தை அந்த மையங்களே குடித்தன என்கிறது அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம். ஒரு சிறிய நாட்டுக்கு இது பெரிய சுமை. உள்ளூர்ச் செய்தித்தாள்களில் இதைப் பற்றிய சண்டை ஓய்வதில்லை.

ஆனால் கடலைக் கடக்க 15 மில்லிநொடி என்றால், கரையோர வீட்டில் படம் ஏன் நின்று நின்று ஓடுகிறது? பெரும்பாலும் குற்றம் கடைசிச் சில கிலோமீட்டரில் இருக்கும். விடுமுறைக்கு நாங்கள் எடுத்திருந்த வீட்டின் விளம்பரத்தில் ‘வேகமான வைஃபை’ என்றிருந்தது. நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடச் சாலை, இருபுறமும் சிவப்பு ஃபியூஷியா பூத்த வேலி, எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லும் ஊர். அந்தச் சாலை முடிவில் வீடு. வீட்டுக்குள் வந்தது பழைய டெலிபோன் செப்புக் கம்பி. நல்ல நேரத்தில் நொடிக்கு 4 மெகாபிட், அதாவது 40 லட்சம் பிட் வந்தது. செப்புக் கம்பியில் இணையம் தருகிறபோது உயர்ந்த அதிர்வெண்களில்தான் தரவை ஏற்றுகிறார்கள். கம்பி நீள நீள முதலில் மடிவது அந்த உயர் அதிர்வெண்களே. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு நன்றாக வரும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சில மெகாபிட்டே மிஞ்சும். தாம்சன் அட்லாண்டிக்குக்குப் போட்ட கணக்கின் தூரத்து உறவு இது. ரௌட்டரை மாற்றினாலும் மேசை மேல் தூக்கி வைத்தாலும் இது தீராது.

அயர்லாந்து அரசு இதற்குச் செய்திருக்கும் வேலை சாதாரணமானதல்ல. 2019 நவம்பரில் கையெழுத்தான தேசிய பிராட்பேண்ட் திட்டத்தின் பரப்பு நாட்டின் நிலத்தில் 96 சதவீதம். அதில் வாழ்பவர்களோ மக்கள்தொகையில் 23 சதவீதம்தான். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அத்தனை தூரம். எந்தத் தனியார் நிறுவனமும் லாபக் கணக்குப் போட்டு இந்த வீடுகளுக்கு ஃபைபர் இழுக்காது என்பதால் அரசு பணம் கொடுத்து இழுக்கவைக்கிறது. ஃபைபர் பெரும்பாலும் போவது பழைய டெலிபோன் கம்பங்களில். கெர்ரியில் கார் ஓட்டினால் கம்ப உச்சியில் வளையமாகச் சுற்றிவைத்த கருப்புக் கேபிள்களைப் பார்க்கலாம். கம்பம் என்றால் காற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் இயோவின் புயல் கால்வே மாவட்டத்தின் மேஸ் ஹெட்டில் மணிக்கு 180 கி.மீ.க்கு மேல் வீசி நாட்டின் பழைய சாதனையை முறித்தபோது, மின்கம்பிகளோடு இவையும் சேர்ந்தே விழுந்தன.

கம்பியே வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கும் இந்தக் கரையில் இடம் உண்டு. கெர்ரியிலிருந்து வடக்கே கொன்னெமாராவுக்குப் போனால், கிளிஃப்டனுக்குத் தெற்கில் டெர்ரிகிம்லா என்ற கரிச்சேற்று நிலம். 1907 அக்டோபரில் மார்க்கோனி இங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வணிகக் கம்பியில்லாத் தந்தி தொடங்கினார். காலுக்கடியில் கிடக்கும் கரிமண்ணையே வெட்டி எரித்து மின்சாரம் எடுத்திருக்கிறார். 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் நிற்காமல் அட்லாண்டிக்கைப் பறந்து கடந்து மூக்குக்குப்புற விழுந்ததும் இதே சேற்றில்தான். 1922 உள்நாட்டுப் போரில் நிலையம் தாக்கப்பட்டுப் பிறகு மூடப்பட்டது. இப்போது கான்கிரீட் அடித்தளங்களும் ஒரு நடைபாதையும் இருக்கின்றன. மழைச் சட்டை கட்டாயம்.

காற்றில் அனுப்பினால் தாமதம் ஓடிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அனுப்பும் தூரத்தைப் பொறுத்தது அது. பழைய வகைச் செயற்கைக்கோள் இணையத்தில் கோள் இருப்பது 36,000 கி.மீ. உயரத்தில். நீங்கள் கேட்பது மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. மொத்தம் 1,44,000 கி.மீ. ஒளி வேகத்திலேயே போனாலும் அரை நொடி ஆகிறது. படம் பார்க்க அது தெரியாது. பேசினால் தெரியும்: இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பதையும் சேர்ந்தே சொல்வோம். சில நூறு கி.மீ. உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள்கள் இதைப் பெருமளவு குறைத்துவிட்டன. கெர்ரியின் மலைகளுக்கு நடுவே பிளாக் வேலி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. நாட்டிலேயே கடைசியாக, 1970-களின் பிற்பகுதியில் மின்சாரம் வந்த இடங்களில் ஒன்று. 2021-இல் ஸ்டார்லிங்க் சோதனை நடந்த இடங்களில் அதுவும் ஒன்று.

இனி நம் கையில் இருக்கும் எண்களுக்கு வருவோம். கைப்பேசியில் வேகச் சோதனை ஓட்டினால் மூன்று எண்கள் வரும். டவுன்லோட் என்பது உங்களை நோக்கி வரும் திசையின் கொள்ளளவு, அப்லோட் என்பது உங்களிடமிருந்து போகும் திசையின் கொள்ளளவு, பிங் என்பது போய்த் திரும்பும் தாமதம். விளம்பரங்கள் முதலாவதை மட்டுமே கொட்டை எழுத்தில் போடுகின்றன. படம் பார்க்கிறவருக்கு அது போதும். வீடியோ அழைப்பில் உங்கள் முகம் எதிராளிக்குக் கலங்கித் தெரிகிறதென்றால் பார்க்க வேண்டியது அப்லோட். பேச்சு இடறுகிறதென்றால் பிங். விளையாடுகிறவர்களுக்குப் பிங்தான் எல்லாம். இன்னொன்று, இந்தக் கொள்ளளவு பிட்டில் சொல்லப்படுகிறது. கோப்புகளின் அளவோ பைட்டில் இருக்கும், ஒரு பைட் எட்டு பிட். 4 மெகாபிட் தொடர்பில் நொடிக்கு அரை மெகாபைட்தான் இறங்கும். அன்றைக்கு எடுத்த படங்களை இணையச் சேமிப்பகத்தில் (கிளவுட்) ஏற்ற நினைத்தால் தூங்கப்போகும் முன் தொடங்கிவிட்டுப் படுப்பது நல்லது. வீடுகள் எல்லாம் விழித்திருக்கும் இரவு எட்டு மணிக்கு, பகிர்ந்துகொள்ளும் பாதையில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கிவிடும்.

இந்தக் கரையில் வீடு எடுக்கிறவர்கள் ‘வைஃபை வேகமா’ என்று கேட்டால் ‘வேகம்தான்’ என்றே பதில் வரும். கேட்க வேண்டியது ஃபைபரா, செம்பா, செயற்கைக்கோளா என்பது. அயர்லாந்தில் 2015 முதல் ஒவ்வொரு முகவரிக்கும் எயர்கோட் என்று ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த தனிக் குறியீடு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குக்கூட அது வேறாக இருக்கும். திட்டத்துக்குள் வரும் வீடு என்றால், வீட்டுக்காரரிடம் அதை வாங்கித் தேசிய பிராட்பேண்ட் திட்டத்தின் இணையதளத்தில் இட்டால், அந்த வாசல்வரை கண்ணாடி இழை வந்துவிட்டதா இல்லையா என்று பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.